வாழ்நாள் விமானப் பாஸ்: பணம் கட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘ஏ-ஏர்பாஸ்’ என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2.5 லட்சம் டாலர் கட்டினால், அந்த நிறுவனத்தின் விமானங்களில் ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். மேலே 1.5 லட்சம் கொடுத்தால் கூட ஒருவரை அழைத்துப்போகலாம். 1990-இல் துணைப்பயணியையும் சேர்த்த விலை 6 லட்சம் டாலர் ஆனது, 1993-இல் 10.1 லட்சம். 1994-இல் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். 2004-இல் நீமன் மார்கஸ் என்ற ஆடம்பரக் கடையின் கிறிஸ்துமஸ் பட்டியலில் 30 லட்சம் டாலருக்கு (துணைக்கு இன்னொரு 20 லட்சம்) மறுபடி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட விற்கவில்லை.

இப்போது இப்படி வெளிப்படையாக விற்பது அரிது. ஆனாலும் ஏதாவது ஒரு நிறுவனம் அவ்வப்போது வாழ்நாள் பாஸ், பத்தாண்டு பாஸ், ‘வருடம் முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் பற’ என்று வந்து நிற்கிறது. அப்படி ஒன்று உங்கள் முன் வந்தால் எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இங்கே.

முதலில் ஏன் விற்கிறார்கள் என்று பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வட்டி தாறுமாறாக ஏறிக் கிடந்தது. 1981 செப்டம்பரில் அரசின் பத்தாண்டுப் பத்திரமே 15 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. அந்த நிலையில் ஒரு விமான நிறுவனம் வெளியே கடன் வாங்கினால் இன்னும் கூடுதல் வட்டி கட்ட வேண்டும். பயணிகளிடமிருந்து ஒரே தவணையில் 2.5 லட்சம் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு எப்படியும் காலியாகப் பறக்கப்போகும் இருக்கைகளைக் கொடுப்பது அவர்களுக்கு மலிவான கடன். 2020-இல் கொரோனாவால் விமானங்கள் காலியாக ஓடியபோது சைனா ஈஸ்டர்ன் நிறுவனம் 3,322 யுவானுக்கு, அந்த ஆண்டு முடியும்வரை சனி, ஞாயிறுகளில் உள்நாட்டில் வரம்பின்றிப் பறக்கும் பாஸை விற்றதும் அதே காரணத்துக்காகத்தான். ஆக, பாஸ் வாங்குகிறவர் பயணி மட்டுமல்ல, விமான நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறவரும்கூட. அடமானம் எதுவும் இல்லாத கடன். கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விலையை ஆண்டுச் செலவாக மாற்றுங்கள்

விலையை எத்தனை ஆண்டு பயன்படுத்துவீர்களோ அதால் வகுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. 5 லட்சம் டாலர், 20 ஆண்டு, ஆக வருடத்துக்கு 25,000 என்று. இது தப்பு. அந்த 5 லட்சத்தை 6 சதவீத வட்டியில் போட்டிருந்தாலே வருடம் 30,000 வரும், முதலும் அப்படியே இருக்கும். வகுத்து வந்த தொகை வெறும் வட்டியைவிடக் குறைவாக இருக்கிறது என்றால் கணக்கில் எங்கோ ஓட்டை.

சரியான முறை, வீட்டுக்கடன் தவணை போடும் அதே சூத்திரம். எக்செல்லில் ‘பிஎம்டி’ (PMT) என்று இருக்கும். வட்டி, ஆண்டுகள், தொகை மூன்றையும் கொடுத்தால் விடை வந்துவிடும். 5 லட்சத்துக்கு 6 சதவீதத்தில்:

10 ஆண்டு பயன்படுத்தினால் வருடத்துக்குச் சுமார் 68,000 டாலர்
20 ஆண்டு என்றால் 43,600
30 ஆண்டு என்றால் 36,300

20 ஆண்டிலிருந்து 30-க்குப் போனால் செலவு பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நீங்கள் இளைஞர், நீண்ட காலம் அனுபவிப்பீர்கள்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வதற்கு அவர் நினைக்கும் அளவு எடை கிடையாது. மாறாக 20-இலிருந்து 10-க்கு இறங்கினால் செலவு ஒரேயடியாக ஏறுகிறது. வேலை மாறுவது, உடல்நலம், பிள்ளைகள், வழித்தடம் நின்றுபோவது என எதுவும் உங்களை 10-ஆம் ஆண்டில் நிறுத்திவிடலாம். ஆகவே 10, 20 இரண்டுக்கும் நடுவில் எதையாவது எடுத்துக்கொள்வதே நியாயம்.

எந்த வட்டியைப் போடுவது? வங்கி வைப்பு வட்டி இல்லை. அந்த விமான நிறுவனம் அடமானம் இல்லாத கடன் பத்திரம் வெளியிட்டால் சந்தையில் எவ்வளவு கொடுக்கிறதோ, அதுதான் உங்களுக்கான வட்டி. நீங்கள் நிற்பது அந்தப் பத்திரக்காரர்களின் வரிசையில்தான். 10 சதவீதம் என்று வைத்தால், அதே 5 லட்சம், 20 ஆண்டுக்கு, வருடத்துக்குச் சுமார் 58,700 டாலர் ஆகிவிடும். இந்த ஒரு எண்ணை மாற்றுவதாலேயே பல பாஸ்கள் கணக்கிலிருந்து வெளியே போய்விடும்.

உங்கள் பயணத்தின் உண்மையான மதிப்பு

கடந்த மூன்று ஆண்டின் டிக்கெட் ரசீதுகளை எடுத்துவையுங்கள். அதில் இந்த நிறுவனத்தில் போனவற்றை மட்டும் தனியே பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையிலிருந்து போன பணத்தை எழுதுங்கள். அலுவலகம் கொடுத்ததைச் சேர்க்காதீர்கள். நீங்கள் பாஸ் வாங்கிய பிறகு அந்தப் பணத்தை அலுவலகம் உங்கள் கையில் தரப்போவதில்லை.

விற்கிறவர்கள் காட்டும் அட்டவணையில் ஒவ்வொரு பயணமும் முதல் வகுப்பின் முழுக் கட்டணத்தில் மதிப்பிடப்பட்டிருக்கும். உதாரணமாக, வருடம் 24 தடவை போய்வருகிறவர் ஒருவர். முதல் வகுப்பு முழுக் கட்டணம் 3,500 டாலர் என்றால் 84,000 டாலர் பெறுமானம், பாஸ் செலவு 43,600, பாதி லாபம் என்று காட்டுவார்கள். அவரோ இதுவரை சராசரியாக 900 டாலர்தான் செலவழித்திருக்கிறார். பெரிய இருக்கைக்காகத் தடவைக்கு இன்னும் 500 டாலர் மனமுவந்து தருவார் என்று வைப்போம். 1,400 ஆயிற்று. அதில் பாஸ் இருந்தாலும் கட்ட வேண்டிய வரி, விமான நிலையக் கட்டணம் 60 டாலரைக் கழித்தால் 1,340. இடம் இல்லாமலோ நேரம் ஒத்துவராமலோ மூன்று தடவை வேறு நிறுவனத்தில் போனார் என்றால் மிச்சம் 21 பயணம். 21 பெருக்கல் 1,340, அதாவது 28,140 டாலர். 43,600 கொடுத்து 28,140-க்கு அனுபவிக்கிறார். வருடத்துக்குப் பதினைந்தாயிரம் டாலருக்கு மேல் நட்டம்.

அதே எண்களை வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிக்கலாம்: 43,600 வகுத்தல் 1,340, ஏறக்குறைய 33. வருடம் 33 தடவை போய்வந்தால்தான் போட்டது வரும், அதுவும் விடாமல் இருபது வருடத்துக்கு. 10 சதவீத வட்டியில் அது 44. இதை உங்கள் எண்களால் போட்டுப் பாருங்கள். வருகிற விடை, நீங்கள் இப்போது போகும் எண்ணிக்கையின் முக்கால் பங்குக்குள் இருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். ‘பாஸ் இருந்தால் அதிகம் போவேன்’ என்பதை லாபத்தில் சேர்க்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்தக் கூடுதல் பயணங்களுக்கு நீங்கள் சொந்தக் காசில் எவ்வளவு கொடுப்பீர்களோ அதுதான் அவற்றின் மதிப்பு; அநேகமாக அது மிகக் குறைவு.

‘கட்டணம் ஏறிக்கொண்டே போகும், இன்றே பூட்டிவையுங்கள்’ என்பது அடுத்த வாதம். 1978-இல் அமெரிக்காவில் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் கட்டணங்கள் கணிசமாக இறங்கின. ஏறும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது.

நேரக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. யுனைடெட் நிறுவனத்தின் வாழ்நாள் பாஸை 1990-இல் 2.9 லட்சம் டாலருக்கு வாங்கிய டாம் ஸ்டூக்கர் இரண்டு கோடி மைலுக்கு மேல் பறந்தவர். மணிக்கு 500 மைல் என்று வைத்தால் இரண்டு கோடி மைல் என்பது 40,000 மணி நேரம். நான்கரை ஆண்டுக்கும் மேல் இருக்கையிலேயே. அவருக்கு அது பிடித்திருந்தது, சரி. உங்களுக்கு வருடம் ஒரு லட்சம் மைல், அதாவது 200 மணி நேரம் காற்றில், அதற்கு மேல் நிலையங்களில் காத்திருப்பு என்பது ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

கணக்கு தாண்டிவிட்டால் காகிதத்துக்கு வாருங்கள். விளம்பரத் தாளில் இருப்பது எதற்கும் உதவாது. முழு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி, ஒப்பந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தச் செலவு விலையில் ஒரு சதவீதம்கூட வராது.

இருக்கை கிடைப்பது பற்றிய வாசகம்தான் முதலில். ‘விற்பனைக்கு உள்ள எந்த இருக்கையும்’ என்று இருந்தால் நல்லது. கடைசி இருக்கை வரை உங்களுக்கும் உரிமை. ‘ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு’ என்று இருந்தால் எச்சரிக்கை. விமானத்தில் இருபது இருக்கை காலியாக இருந்தாலும், பாஸ்காரர்களுக்கான கட்டண எழுத்தில் (முன்பதிவில் ஒவ்வொரு கட்டண வகைக்கும் ஓர் எழுத்து உண்டு) பூஜ்யம் என்று கணினி காட்டும். அந்த எழுத்தைத் திறப்பதும் மூடுவதும் நிறுவனத்தின் வருவாய்ப் பிரிவு கையில். பண்டிகைக் காலம், வார இறுதி போன்ற தடை நாட்களின் பட்டியல் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ‘அவ்வப்போது அறிவிக்கப்படும்’ என்பதை ஏற்காதீர்கள்.

அடுத்தது வகுப்பு. ‘முதல் வகுப்பு’ என்று மட்டும் எழுதினால், அந்த வகுப்பையே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கற்பனை இல்லை: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சர்வதேச முதல் வகுப்பைக் கைவிடப்போவதாக 2022-இல் அறிவித்தது. ‘அந்த விமானத்தில் உள்ள மிக உயர்ந்த வகுப்பு’ என்ற வாசகம் வேண்டும்.

எந்தெந்த விமானம்? நிறுவனமே இயக்குபவை மட்டுமா, அதன் எண் போட்டுக் கூட்டாளி நிறுவனம் இயக்குபவையுமா, கிளை நிறுவனங்களின் சிறிய விமானங்களுமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டணி நிறுவனங்கள் பெரும்பாலும் சேராது. நீங்கள் இருக்கும் ஊர் அந்த நிறுவனத்தின் மையமாக (அதன் விமானங்கள் பெருமளவில் வந்து கிளம்பும் இடமாக) இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஓர் இடைநிறுத்தம் உண்டு. மையத்தையே அவர்கள் மாற்றிக்கொள்ளலாம்; அதைத் தடுக்கும் வாசகத்தை எந்த நிறுவனமும் தராது, ஆனால் ‘குறிப்பிட்ட வழித்தடம் நின்றால் இவ்வளவு பணம் திரும்ப’ என்று பேரம் பேச முடியும்.

வரியும் கூடுதல் கட்டணமும் யார் தலையில்? உயர் வகுப்பில் இது சில்லறை இல்லை. பிரிட்டனிலிருந்து கிளம்பும் 2,000 மைலுக்கு மேற்பட்ட பயணத்துக்கு, சாதாரண வகுப்பைத் தாண்டினால், விமானப் பயணி வரி 2025 ஏப்ரலிலிருந்து ஆளுக்கு 216 பவுண்டு அல்லது அதற்கு மேல். எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று நிறுவனமே விதிப்பதைப் பாஸுக்குள் அடக்கச் சொல்லுங்கள். அரசு வரியை அவர்கள் ஏற்க மாட்டார்கள், ஆனால் கூடுதல் கட்டணம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. இல்லையென்றால் நாளை டிக்கெட் விலையில் பாதியைக் கூடுதல் கட்டணம் என்று பெயர் மாற்றி உங்களிடமே வாங்கலாம்.

துணைப்பயணி என்றால் ஒரே ஆளா, தடவைக்கு ஒருவரா? பெயர் எப்போது கொடுக்க வேண்டும்? மைல் புள்ளிகள் சேருமா? நோயாலோ விபத்தாலோ பறக்க முடியாமல் போனால் என்ன? வாங்கி இரண்டாம் ஆண்டில் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு ஏதாவது திரும்புமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது எழுத்தில் இருக்கட்டும். வியாபாரக் கணக்கில் வாங்குவதானால் வரி ஆலோசகரிடம் முன்பே கேளுங்கள். நிறுவனச் செலவில் வாங்கிக் குடும்பத்தோடு சுற்றினால் பல நாடுகளில் அது வருமானமாகக் கணக்கிடப்படும்.

எப்படிப் பறிபோகிறது

ஏ-ஏர்பாஸ் வரலாற்றில் படிக்க வேண்டியது இந்தப் பகுதிதான். 1987-இல் வாங்கிய ஸ்டீவன் ராத்ஸ்டைன் பத்தாயிரம் தடவைக்கு மேல் பறந்தார். பிறகு நிறுவனம் தன் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. அவரைப் போன்ற ஒருவரால் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பு என்று மதிப்பிட்டது. 2008 டிசம்பரில் அவர் பாஸ் ரத்தானது. இல்லாத பெயர்களில் பக்கத்து இருக்கையைப் பதிவு செய்தார், பதிந்தவற்றை ஏராளமாக ரத்து செய்தார் என்பது குற்றச்சாட்டு. 1989-இல் வாங்கிய ஜாக் வ்ரூம் என்பவருடையதும் அதே ஆண்டில் போனது. துணை இருக்கையைக் காசுக்கு விற்றார் என்பது அவர் மேல் சொன்ன குறை. இருவரும் நீதிமன்றம் போனார்கள். 2011 நவம்பரில் நிறுவனமே திவால் பாதுகாப்பு (கடன் கொடுத்தவர்கள் நெருக்காதபடி நீதிமன்றம் தரும் அவகாசம்) கோரியதில் வழக்குகளும் அப்படியே தேங்கின.

ஒப்பந்தத்தில் இருந்த ஆயுதம் ஒரே ஒரு பிரிவு: முறைகேடாகப் பயன்படுத்தியதாக நிறுவனம் தீர்மானித்தால் பாஸை ரத்து செய்யலாம், பணம் திரும்பக் கிடையாது. யார் தீர்மானிப்பது என்று பாருங்கள். நிறுவனமே. ஆகவே நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் முறைகேடு எது என்று பட்டியலாக இருக்க வேண்டும். எழுத்தில் எச்சரிக்கை, பதிலளிக்கக் குறைந்தது 30 நாள், நடுவர் விசாரணை, ரத்தானால் பயன்படுத்தாத ஆண்டுகளுக்கான பணம் இவை நான்கையும் கேளுங்கள். நான்கில் குறைந்தது இரண்டு கிடைக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

வாங்கிய பிறகும் ஒழுங்கு வேண்டும். போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒரே நாளில் மூன்று விமானத்தைப் பதிந்துவைக்காதீர்கள். போகவில்லை என்றால் கிளம்புவதற்கு முன்பே ரத்து செய்து உறுதிச் செய்தியைச் சேமித்துவையுங்கள். துணையாக வருகிறவரிடம் ஒரு பைசா வாங்காதீர்கள், பெட்ரோல் காசு என்றுகூட. முன்பதிவு ஊழியர் தொலைபேசியில் ‘பரவாயில்லை, செய்துகொள்ளுங்கள்’ என்று கொடுக்கும் அனுமதியை நம்பி எதையும் செய்யாமல், அன்றே மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிறுவனம் திவாலானால்? பான் ஆம் என்ற பெரிய அமெரிக்க விமான நிறுவனம் 1991 டிசம்பரில் ஒரேயடியாக நின்றது. அதுபோல மூடினால் பாஸ்காரர் அடமானமில்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையின் கடைசிப் பக்கம் நிற்பார். மூடாமல் மறுசீரமைப்பு நடந்தால் நிலைமை வேறு. யுனைடெட் 2002 டிசம்பரில் திவால் பாதுகாப்புக்குள் போய் 2006-இல் வெளியே வந்தது, ஸ்டூக்கரின் பாஸ் பிழைத்தது. ஆனால் அப்படிப் பாதுகாப்பில் இருக்கும் காலத்தில் பாஸ் ஒப்பந்தத்தை உதறிவிட அமெரிக்கச் சட்டத்தில் நிறுவனத்துக்கு வழி உண்டு. இணைப்பு நடந்தால் புதிய நிறுவனத்தையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற வாசகத்தைக் கட்டாயம் சேருங்கள். விமானத் துறையில் இருபது ஆண்டு இணைப்பில்லாமல் போவது அபூர்வம்.

(வேறொருவர் பயன்படுத்திய வாழ்நாள் பாஸை மலிவாகத் தருவதாக யாராவது வந்தால் அது மோசடி. இவை பெயருக்கு வழங்கப்படுபவை, கைமாறாது. ‘எங்கள் ஆண்டுவிழா, ஆயுள் முழுக்க இலவச டிக்கெட்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதும் அதே ரகம்.)

யாருக்கு ஒத்துவரும், மற்றவர்கள் என்ன செய்வது

நிறுவனத்தின் மையத்திலேயே குடியிருந்து, சொந்தத் தொழில் செய்து, கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்து உயர் வகுப்பில் வாரம் ஒரு தடவையாவது போகிறவர். இந்தத் தொகை போனாலும் வாழ்க்கை ஆட்டம் காணாதவர். நாற்பதை ஒட்டிய வயது. இவை எல்லாம் சேர்ந்தவர் மிகச் சிலரே. கடன் வாங்கிப் பாஸ் வாங்குவது எவருக்குமே சரிவராது. நிறுவனத்துக்கு நீங்கள் கடன் கொடுக்க நீங்கள் வெளியே கடன் வாங்குகிறீர்கள்.

அடிக்கடி பறப்பவருக்கு வாழ்நாள் தகுதி என்பது செலவில்லாத மாற்று. யுனைடெட்டிலும் அமெரிக்கனிலும் பத்து லட்சம் மைல் சேர்ந்தால் ஆயுள் முழுக்க ‘கோல்டு’ தகுதி. டிக்கெட் இலவசமாகாது, ஆனால் முன்கூட்டிப் பணம் கட்டவும் தேவையில்லை. எந்த மைல் கணக்கில் சேரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விதியைப் படித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

ஆண்டுப் பாஸ்களில் இழப்பதும் சிறியது, கணக்கும் எளிது. ஐரோப்பாவின் மலிவுக் கட்டண நிறுவனமான விஸ் ஏர் 2024 ஆகஸ்டில் 599 யூரோவுக்கு (அறிமுகச் சலுகை 499) ஒன்றை வெளியிட்டது. கிளம்புவதற்கு 72 மணி நேரத்துக்குள்தான் பதிய முடியும், ஒவ்வொரு பயணத்துக்கும் 9.99 யூரோ, பெட்டிக்குத் தனி. அந்த நேரத்தில் வழக்கமான டிக்கெட் 50 யூரோ என்றால் தடவைக்கு 40 மிச்சம். 15 தடவை பறந்தால் போட்டது வரும். சிக்கல் திரும்பி வருவதில்தான். போன இடத்திலிருந்து பாஸில் இடம் இல்லாமல் 200 யூரோவுக்கு டிக்கெட் வாங்க நேர்ந்தால் ஐந்து பயணத்தின் மிச்சம் அங்கேயே போய்விடும். திங்கள் காலை வேலைக்கு நிற்க வேண்டியவருக்கு இது ஆகாது. அமெரிக்காவின் ஃபிரான்டியர் நிறுவனத்தின் ‘கோ வைல்டு’ பாஸில் உள்நாட்டுப் பயணத்தைப் பொதுவாகக் கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் உறுதி செய்ய முடியும், தடை நாட்களும் உண்டு. அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. வாங்கும் அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடித்து, முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு நினைவூட்டல் போட்டுவையுங்கள்.